பயிற்றுநரும் பாட்டாளியே!



கீரனூர் பஸ் நிலையத்துப் பக்கம் போகிறவர்கள் சுவர்களைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். சினிமா விளம்பரத்துக்கும் காதணி விழா வாழ்த்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவே, நம் பக்கத்து ஊர்களிலெல்லாம் ஒட்டப்படுகிற இன்னொரு நோட்டீஸ் கண்ணில் படும். இலவசப் பயிற்சியாம்! இலவசச் சாப்பாடாம்! தங்க இடமாம்! சான்றிதழாம்! நூற்றுக்கு நூறு வேலையாம்! கீழே ஒரு போன் நம்பர்.

குளத்தூர் தாலுகாவின் தலைநகரம் கீரனூர். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம், நிறையாவிட்டால் திருச்சி பஸ். அந்தத் திருச்சி பஸ்ஸில் ஏறுகிற பையன்களையும் பெண்களையும் குறிவைத்துத்தான் இந்த நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. பணம் சர்க்காருடையது. வேலை கம்பெனியுடையது. பயிற்சி என்பது இன்று பள்ளிக்கூடத்துச் சமாசாரம் அல்ல. அது ஒரு தொழில், ஒரு வியாபாரம், டெண்டர் எடுத்து நடத்தப்படுகிற ஒப்பந்தம்.

அந்தப் பையன்களைப் பற்றி நாம் அடிக்கடி பேசியிருக்கிறோம். இன்று பேச வேண்டியது வேறொருவரைப் பற்றி. கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறாரே, கழுத்தில் அடையாள அட்டை, இஸ்திரி போட்ட சட்டை, வாயில் நாலு இங்கிலீஷ் வார்த்தை, எல்லோரும் "சார்" என்று கூப்பிடுகிறார்களே, அந்த டிரெயினர், பயிற்றுநர், அவர் யார்?

முதலாளியின் ஆள் என்று நம் தோழர்களில் பலர் நினைக்கிறார்கள். அவர் தன்னை உத்தியோகஸ்தர் என்று நினைத்துக்கொள்கிறார். இரண்டும் தவறு. அவர் தொழிலாளி. அதுவும், தான் தொழிலாளி என்பதை உணர வழியில்லாமல் வைக்கப்பட்டிருக்கும் தொழிலாளி. இதுதான் இன்றைய கட்டுரையின் விஷயம்.

தலைக்கு மணிக்கு 38 ரூபாய் 50 காசு

முதலில் கம்பெனிக்குப் பணம் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொள்வோம். பணம் வரும் வழியைப் பார்த்தால்தான், வேலை நடக்கும் வழியும் விளங்கும்.

2008ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் என்ற அமைப்பு உருவாயிற்று. அதில் 51 சதவிகிதப் பங்கு தனியாருக்கு, 49 சதவிகிதம் சர்க்காருக்கு. நாட்டு மக்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு எந்தக் கைக்குப் போயிற்று என்பதை இந்தக் கணக்கே சொல்லும். 2014 செப்டம்பர் 25ல் கிராமப்புற இளைஞர்களுக்காகத் தீன் தயாள் உபாத்யாயா பெயரில் ஒரு திட்டம் வந்தது. 2015 ஜூலை 15ல் பிரதம மந்திரியின் பெயரில், "கௌசல் விகாஸ் யோஜனா" என்று இன்னொரு திட்டம். அதே 2015ல்தான் இத்தகைய திட்டங்களுக்கெல்லாம் பொதுவான செலவு விதிகளும் வெளியாயின.

அந்த விதி என்ன சொல்லிற்று? தொழில்களை மூன்று வகையாகப் பிரித்தது. முதல் வகைக்கு ஒரு மாணவனுக்கு ஒரு மணி நேரத்துக்கு 38 ரூபாய் 50 காசு. இரண்டாம் வகைக்கு 33 ரூபாய். மூன்றாம் வகைக்கு 27 ரூபாய் 50 காசு. பின்னால் இந்தத் தொகைகள் கூட்டப்பட்டன, முறை மாறவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வகைத் தொழில். வகுப்பில் 30 பேர். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 1,155 ரூபாய். 200 மணி நேரப் பயிற்சி என்றால் 2,31,000 ரூபாய். இதில் கட்டட வாடகை உண்டு, மின்சாரம் உண்டு, கருவிகள் உண்டு; எல்லாம் கம்பெனியின் சுத்த லாபம் என்று நாம் சொல்ல மாட்டோம். நாம் கேட்பது ஒரே கேள்வி: மணிக்கு 1,155 ரூபாய் வருகிற அந்த ஒரு மணி நேரம் முழுவதும் தொண்டை வற்றப் பேசியவர் கையில் விழுந்தது எவ்வளவு? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால், உபரி மதிப்பு என்றால் என்ன என்பதைப் புத்தகம் இல்லாமலே புரிந்துகொள்ளலாம்.

இன்னும் இருக்கிறது. அந்தப் பணம் ஒரேயடியாக வருவதில்லை. வகுப்பு தொடங்கியதும் 30 சதவிகிதம். மாணவர்கள் பரீட்சையில் தேறிச் சான்றிதழ் வாங்கியதும் 50 சதவிகிதம். வேலை வாங்கிக் கொடுத்ததைக் காட்டியதும் மீதி 20 சதவிகிதம். இப்படித் தவணை தவணையாக என்று 2015 விதி வகுத்தது. நோக்கம் நல்லதுதான், வேலை செய்யாமல் பணம் வாங்கக் கூடாது என்பதே அதன் கருத்து. ஆனால் நடைமுறையில் விளைந்தது என்ன? தலை எண்ணிக்கையே மூலதனம் ஆயிற்று. தேர்ச்சியே சரக்கு ஆயிற்று. தவணை நின்றால் சம்பளம் நிற்கும் என்ற வழக்கமும் வந்து சேர்ந்தது.

பகலில் வகுப்பு, மாலையில் ஆள் சேர்ப்பு

ஒரு பயிற்றுநரின் நாள் எப்படிப் போகிறது?

காலையில் சென்டரைத் திறக்கும் முன்பே வாசலில் நிற்க வேண்டும். முதல் வேலை பாடம் அல்ல, விரல் ரேகை. ஒவ்வொரு மாணவனும் இயந்திரத்தில் விரல் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அந்தத் தலை கணக்கில் வராது. கணக்கில் வராவிட்டால் காசு வராது. நாற்று நடவுக்குப் போன பையன், தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நின்ற பெண், வராத ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கூப்பிட வேண்டியவரும் அவரே.

பிறகு வகுப்பு. தொழிலைக் கற்பிக்கும் மணி ஒன்று. "பர்சனாலிட்டி", "கம்யூனிகேஷன்" என்று சொல்லப்படும் மணி இன்னொன்று. நேர்முகத் தேர்வில் எப்படி உட்காருவது, எப்படிப் புன்னகை செய்வது, மேலதிகாரி கடிந்தால் எப்படிப் பொறுத்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். நடுவே போட்டோ எடுத்து இணையதளத்தில் ஏற்ற வேண்டும். சீருடை கொடுத்தோம், போட்டோ. புத்தகம் கொடுத்தோம், போட்டோ. சோறு போட்டோம், அதற்கும் போட்டோ.

வகுப்பு முடிந்ததா? வேலை முடியவில்லை. அடுத்த பேட்சுக்கு ஆள் வேண்டும். அதற்கென்று "மொபிலைசர்" என்று ஒருவர் இருப்பார். அவரால் டார்கெட் முடியாவிட்டால் பயிற்றுநரும் பைக்கில் ஏற வேண்டியதுதான். குன்றாண்டார்கோவில் பக்கம், நார்த்தாமலைப் பக்கம், உடையாளிப்பட்டிப் பக்கம் என்று ஊர் ஊராகப் போய், டீக்கடையில் உட்கார்ந்து, தாய்மாரிடம் பேசி, "பையனை அனுப்புங்கம்மா, வேலை நிச்சயம்" என்று வாக்குக் கொடுக்க வேண்டும். பெட்ரோல் யார் கணக்கில் என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் அவர் கணக்கில்தான்.

இதில் பெரிய வேதனை ஒன்று உண்டு. வாக்குக் கொடுத்தவர் அவர். அந்த வாக்கைக் காப்பாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. வேலை எந்த ஊரில், என்ன சம்பளம், எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் முடிவு செய்பவன் எங்கோ இருக்கிறான். பையன் மூன்று மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீரனூருக்குத் திரும்பி வந்தால், அவன் தாய் சண்டைக்கு வருவது கம்பெனி முதலாளியின் வீட்டு வாசலுக்கா? இல்லை. நம்மூர் சந்தையில் இந்த சாரைத்தான் மறிக்கிறாள். லாபம் மேலே போகிறது. பழி கீழே வருகிறது. எந்த ஆலையிலும் மேஸ்திரிக்கும் இதுதானே கதி?

இதற்கெல்லாம் மேலே, அவருக்கு நிரந்தரம் உண்டா? திட்டம் இருக்கும்வரை வேலை. பேட்ச் முடிந்து அடுத்த அனுமதி வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிறருக்கு "வேலை வாங்குவது எப்படி?" என்று பாடம் நடத்துகிறவரிடம் தன் நியமன உத்தரவு என்று காட்ட ஒரு காகிதம்கூட இல்லாமல் இருப்பது என்னே விந்தை! பொறியியல் படித்துவிட்டு, கடனையும் வாங்கிவிட்டு, வேறு வழியின்றி இந்த வேலைக்கு வந்தவர்களே இவர்களில் பலர். நேற்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் இன்று பலகைக்கு முன் நிற்கிறார். நாளை மீண்டும் பெஞ்சுக்கே வரலாம்.

மாணவர் எங்கே போகிறார்?

பயிற்றுநரின் நிலையை அவருடைய மாணவரின் நிலையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

2015 முதல் 2022 வரை நடந்த பிரதம மந்திரி திறன் திட்டத்தை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அது சொன்னது என்ன? குறுகிய காலப் பயிற்சியிலும் சிறப்புத் திட்டங்களிலும் சான்றிதழ் பெற்றவர்களில் வேலைக்குச் சென்றவர்கள் 41 சதவிகிதமே. பயனாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேலானவர்களின் பாங்க் கணக்கு எண் இருக்க வேண்டிய இடம் வெற்றாகவோ பூஜ்யமாகவோ கிடந்தது. ஒரே புகைப்படம் பல பெயர்களுக்கு ஒட்டப்பட்டிருந்தது. இதைச் சொன்னது எதிர்க்கட்சி அல்ல, தோழர்களே. சர்க்காரின் கணக்கைப் பார்க்க அரசியல் சட்டம் நியமித்த அதிகாரி!

வேலைக்குப் போன 41 பேராவது என்ன ஆனார்கள்? "டிரெயினி", "அப்ரண்டீஸ்" என்ற பெயரோடுதான் பலருடைய வாழ்க்கை தொடங்குகிறது. அந்தப் பெயருக்குள் இருக்கும் சூட்சுமம் என்ன? 1961ஆம் ஆண்டின் அப்ரண்டீஸ் சட்டம், அப்ரண்டீஸ் என்பவன் பயிற்சி பெறுகிறவன், தொழிலாளி அல்ல என்று சொல்கிறது. ஆனால் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் "தொழிலாளி" என்ற சொல்லுக்குத் தந்த விளக்கத்தில் அப்ரண்டீசும் சேர்த்தி. அந்தச் சின்ன ஜன்னல் திறந்திருந்தது. 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு என்ன செய்தது? அப்ரண்டீஸ் சட்டப்படியான அப்ரண்டீஸ் நீங்கலாக என்று எழுதி, அந்த ஜன்னலையும் சாத்திவிட்டது.

இன்னொரு சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981ல் தமிழ்நாட்டில் சட்டம் செய்யப்பட்டது. போராடிப் பெற்ற சட்டம். அந்த 480ஆவது நாள் வராமல் பார்த்துக்கொள்ள முதலாளிக்கு என்ன வழி? ஆளை மாற்றிக்கொண்டே இருப்பது. பழைய பேட்ச் வெளியே, புதிய பேட்ச் உள்ளே. பேட்ச் பேட்சாக ஆள் தயார் செய்து அனுப்ப ஒரு கம்பெனி இருந்தால் எவ்வளவு சௌகரியம்!

இது புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிய அனுபவமும் அல்ல. "சுமங்கலித் திட்டம்" என்ற அழகான பெயரில், ஏழைப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் பஞ்சாலை விடுதிகளில் அடைத்து, கல்யாணச் செலவுக்கு முடிவில் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று கூறி வேலை வாங்கிய கதையைத் தமிழ்நாடு அறியும். 2011ல் நெதர்லாந்து நாட்டு ஆய்வு அமைப்புகள் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டு ஐரோப்பிய ஆடைக் கம்பெனிகளையே வெட்கப்பட வைத்தன. அங்கும் அந்தப் பெண்களுக்குச் சூட்டிய பெயர் என்ன? "அப்ரண்டீஸ்"தான்! மூன்று வருஷம் நூல் நூற்கக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று கேட்க அன்று நாதியில்லை.

பயிற்சியே வேண்டாம் என்கிறோமா? ஒருநாளும் இல்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தொழில் கற்றவர்களும், திருவெறும்பூரில் பெல் ஆலையில் கற்றவர்களும், சர்க்கார் ஐ.டி.ஐ.களில் கற்றவர்களும் இந்த வட்டாரத்தில் எத்தனை குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள்! அங்கே கற்றுக்கொடுத்தவரும் நிரந்தர ஊழியர். கற்ற இடமும் உண்மையான பட்டறை. கற்பிப்பவனுக்கே நாளை என்ன என்று தெரியாத இடத்தில், கற்பவனுக்கு எதிர்காலம் எப்படிக் கிடைக்கும்? அதுதான் நம் கேள்வி.

"சாருக்குச் சங்கம் எதற்கு?"

இந்தக் கேள்வியைக் கம்பெனிக்காரன் கேட்பதில் ஆச்சரியமில்லை. பயிற்றுநர்களே கேட்கிறார்கள், அதுதான் வருத்தம். "நாங்கள் சொல்லிக்கொடுக்கிறவர்கள். கொடி பிடிப்பது எங்களுக்கு அழகா?" என்கிறார்கள்.

கற்பிப்பவர் தொழிலாளியா என்ற கேள்வி நீதிமன்றம்வரை போன கேள்விதான். கோவாவில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியை 1975ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வழக்கு உச்சநீதிமன்றத்துக்குப் போயிற்று. 1988ல் தீர்ப்பு வந்தது. பள்ளிக்கூடம் தொழில் நிறுவனமே. ஆனால் அங்கே பாடம் நடத்துகிற ஆசிரியை தொழில் தகராறு சட்டத்தின்படி தொழிலாளி அல்ல என்றது அந்தத் தீர்ப்பு. பள்ளியின் கடைநிலை ஊழியர் தொழிலாளி, ஆசிரியர் தொழிலாளி அல்ல! கற்பித்தல் புனிதமான பணியாம். புனிதம் என்று பெயர் வைத்தார்கள்; பாதுகாப்பைப் பறித்தார்கள்.

இத்தோடு முடிந்ததா? 2004ல் பணிக்கொடை வழக்கிலும் இதே கதை. ஆசிரியருக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தாது என்றது உச்சநீதிமன்றம். ஆனால் ஆசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. 2009ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டு என்றது. தனியார் பள்ளி முதலாளிகள் அதை எதிர்த்து வழக்காடினார்கள். 2022ல் உச்சநீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பாடம் என்ன? தீர்ப்பு கடைசி வார்த்தை அல்ல. ஒன்றுபட்டு நின்றால் சட்டமே மாறும்.

பயிற்சிக் கம்பெனியின் பயிற்றுநர் பாடம் மட்டுமா நடத்துகிறார்? ஆள் சேர்க்கிறார், கணக்கு எழுதுகிறார், இயந்திரத்தைப் பழுது பார்க்கிறார், கம்ப்யூட்டரில் பதிவு ஏற்றுகிறார். எழுத்து வேலையும் தொழில்நுட்ப வேலையும் செய்பவரைத் தொழிலாளி அல்ல என்று எந்த முகத்தோடு சொல்வது? தாம் செய்யும் வேலைகளை நாள் தவறாமல் ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. நாளை வழக்கு என்று வந்தால் அந்த நோட்டு பேசும்.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து நாம் தெருவில் நின்றவர்கள், நின்றுகொண்டிருப்பவர்கள். அந்த எதிர்ப்பு தொடரும். ஆனால் எதிரி கோட்டையில் கிடைக்கும் ஆயுதத்தையும் எடுத்துப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஊழியருக்கு நியமன உத்தரவு எழுத்தில் தரப்பட வேண்டும் என்று தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு, ஐந்தாண்டு காத்திராமல், ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடைக் கணக்கு உண்டு என்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. இவை சலுகை அல்ல. கேட்டு வாங்க வேண்டியவை. கேட்க ஒருவர் போனால் "நாளை வர வேண்டாம்" என்பார்கள். முப்பது பேர் போனால்? அதற்குத்தான் ஐயா, சங்கம்!

சிம்லாவும் திருவனந்தபுரமும்

வேறு இடங்களில் இவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

இமாசலப் பிரதேசத்தில் சர்க்கார் பள்ளிகளில் தொழிற்கல்வி கற்பிக்கும் ஆசிரியர்கள் உண்டு. பள்ளி சர்க்காருடையது, பிள்ளைகள் ஏழை வீட்டுப் பிள்ளைகள், பணமும் சர்க்கார் பணம். ஆனால் ஆசிரியர் மட்டும் கம்பெனியின் ஆள்! 2024 நவம்பரில் அவர்கள் சிம்லாவின் சௌரா மைதானத்தில் குளிரில் வந்து உட்கார்ந்தார்கள். கோரிக்கையின் சாரம் ஒன்றுதான்: நடுவில் நிற்கும் கம்பெனியை எடு, எங்களைக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவா. பாடம் நடத்துகிறவர்கள் கொடி பிடித்தால் அழகு கெடும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

பெரிய பயிற்சிக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்களா? பைஜூஸ் கம்பெனியைப் பாருங்கள். கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் பெயர் போட்டு விளம்பரம் செய்த கம்பெனி. 2022 அக்டோபரில் 2,500 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. திருவனந்தபுரம் அலுவலகத்தில் இருந்தவர்கள் தனித்தனியாக அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. ஐ.டி. ஊழியர்களின் "பிரதித்வனி" அமைப்பிடம் போனார்கள். அன்றைய கேரளத் தொழிலாளர் அமைச்சர் சிவன்குட்டியிடம் முறையிட்டார்கள். நவம்பர் தொடக்கத்தில் கம்பெனி இறங்கி வந்தது. அந்த அலுவலகத்தை மூடவில்லை, அங்கிருக்கும் 140 பேரும் தொடர்வார்கள் என்றது. மற்ற ஊர்களில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு இந்த வாய்ப்புக் கிடைத்ததா? 2024 ஜூலையில் அந்தக் கம்பெனியின் மீதே திவால் நடவடிக்கை தொடங்கிற்று என்பது வேறு விஷயம். முதலாளி மூழ்கும்போது தொழிலாளியையும் சேர்த்து இழுப்பான். ஆனால் இழுபடுகிற வேளையிலும் ஒன்றாக நின்றவன் கொஞ்சம் கரை ஏறினான் என்பதே உண்மை.

அறிவொளி ஏற்றிய மண்

"கல்வி தருவதில் காசு பார்க்காதீர்கள், சேவை மனப்பான்மை வேண்டும்" என்று பயிற்றுநர்களுக்குக் கம்பெனிகள் உபதேசம் செய்வதுண்டு. சேவையைப் பற்றிப் புதுக்கோட்டைக்காரனுக்கா சொல்லித்தர வேண்டும்?

1991-92ல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சித் தலைவர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத் தோழர்கள் முன்னின்றார்கள். தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் சம்பளம் வாங்காமல் இரவு வகுப்பு நடத்தினார்கள். வயலில் வேலை செய்த பெண்களும் கல்லுடைத்த பெண்களும் எழுத்துக் கற்றார்கள். அதோடு சைக்கிளும் கற்றார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதை நாடறிய எழுதினார்.

அந்தக் கல்வியில் ஒரு விசேஷம் இருந்தது. கல்லுடைக்கும் பெண்கள் கையெழுத்துப் போடக் கற்றதோடு நிற்கவில்லை. குழுவாகச் சேர்ந்து குவாரியைத் தாங்களே குத்தகைக்கு எடுத்தார்கள். காண்டிராக்டர் எழுதிய கணக்கைத் தலையாட்டி ஒப்புக்கொண்ட காலம் போய், தங்கள் கணக்கைத் தாங்களே எழுதினார்கள். கற்றவர் கையில் அதிகாரம் வந்தது. கல்வி என்றால் அது!

இன்று நடப்பது என்ன? மேலதிகாரி முன் எப்படி நிற்பது என்று வகுப்பு உண்டு. சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது என்று வகுப்பு உண்டா? எப்படிச் சிரிப்பது என்று பாடம் உண்டு. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் எத்தனை மடங்கு கூலி என்று பாடம் உண்டா? பணிவைக் கற்பிக்கச் சர்க்கார் பணம் இருக்கிறது. உரிமையைக் கற்பிக்கப் பணம் இல்லை.

தொண்டர்கள் அன்று சம்பளம் வாங்கவில்லை. ஏனென்றால் அங்கே லாபம் வாங்கியவன் எவனும் இல்லை. தலைக்கு மணிக்கு இத்தனை ரூபாய் என்று பில் போடுகிற கம்பெனி, தன் ஊழியரிடம் மட்டும் "சேவை" என்று பேசக் கூடாது. சேவை என்றால் முதலாளியும் சேவை செய்யட்டும். வியாபாரம் என்றால் கூலியை ஒழுங்காகக் கொடுக்கட்டும்.

கீரனூரில் செய்ய வேண்டியது

பேசிக் கலைவதற்கல்ல இந்தக் கட்டுரை. நம் தோழர்கள் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு.

ஒன்று. பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்புவதற்கு முன் நான்கு கேள்வி கேட்கப் பழக்க வேண்டும். முடிந்ததும் வேலை எந்த ஊரில், எந்த ஆலையில்? அங்கே பெயர் தொழிலாளியா, டிரெயினியா, அப்ரண்டீஸா? கையில் வரும் சம்பளம் எவ்வளவு, சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் பிடிப்பது எவ்வளவு? போன பேட்சில் போனவர்கள் இப்போது எங்கே? பதிலை வாயால் வாங்காதீர்கள், காகிதத்தில் வாங்குங்கள்.

இரண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. நம் வட்டாரத்தில் நடந்த சர்க்கார் பயிற்சிகளுக்கு எத்தனை தவணை கொடுக்கப்பட்டது, எத்தனை பேர் வேலைக்குப் போனதாகக் கணக்கு, மூன்று மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் அங்கே இருந்தார்கள் என்று கேட்கலாம். வந்த பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஊரில் வீடு வீடாகச் சரிபார்க்கலாம். தணிக்கை அதிகாரி டெல்லியில் கண்டுபிடித்ததை நாம் தெருவிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

மூன்று. கீரனூர் பேரூராட்சி; ஆனால் சுற்றியுள்ளவை ஊராட்சிகள். அங்கே மே 1ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. தொழிலாளர் தினத்தன்று கூடுகிற சபையில் தொழிலாளராகப் போகிற பிள்ளைகளின் கதையைப் பேசாமல் வேறெதைப் பேசுவது? பயிற்சி பெற்றவர்கள், வேலைக்குப் போனவர்கள், திரும்பி வந்தவர்கள் என்று மூன்று பட்டியலையும் சபையில் படிக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள்.

நான்கு, முக்கியமானது. பயிற்றுநரை எதிரியாக நடத்தாதீர்கள். பிள்ளை திரும்பி வந்த கோபத்தில் சந்தையில் அவர் சட்டையைப் பிடிப்பதால் கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "உங்களுக்கு நியமன உத்தரவு உண்டா சார்? வைப்பு நிதி பிடிக்கிறார்களா? போன மாதச் சம்பளம் வந்ததா?" என்று கேளுங்கள். முதலில் சிரித்து மழுப்புவார். இரண்டாவது டீயில் உண்மை வரும். திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் இதே வேலை செய்கிற பத்துப் பேரின் நம்பர் அவரிடம் இருக்கும். ஒரு கூட்டத்துக்கு அது போதும்.

1918 ஏப்ரலில் சென்னையில் முதல் தொழிற்சங்கம் பிறந்தபோது ஆலைத் தொழிலாளியைப் பார்த்தும் "உனக்கெதற்குச் சங்கம்?" என்றுதான் கேட்டார்கள். பிறகு பாங்க் குமாஸ்தாவைப் பார்த்துக் கேட்டார்கள். பள்ளி ஆசிரியரைப் பார்த்துக் கேட்டார்கள். கம்ப்யூட்டர் இளைஞரைப் பார்த்துக் கேட்டார்கள். ஒவ்வொருவரும் சங்கம் கண்டார்கள். கேள்வி கேட்டவர்கள் வாயடைத்தார்கள். இப்போது முறை பயிற்றுநருடையது.

பயிற்றுநர் தோழரே! தைரியமாகப் பேச வேண்டும், நிமிர்ந்து நிற்க வேண்டும், தன் மதிப்பைத் தானே எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும் என்று நீங்கள்தானே தினமும் பாடம் நடத்துகிறீர்கள்? நல்ல பாடம். அதை உங்கள் கம்பெனியின் முன்னால் நின்று ஒரு தடவை நடத்திக் காட்டுங்கள். பின்னால் நாங்கள் நிற்கிறோம்!